குற்றாலத்தில் பனியாறு ஓடியதா?

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தயங்கிக்கொண்டே இருந்துவிட்டேன். பேனாவை எடுப்பேன். ‘எட்டாம் வகுப்பும் அதற்கு மேல் ரெண்டு வருஷ டிரெயினிங்கும் படித்தவன், நீ எழுதி யார் படிக்கப் போகிறார்கள்’ என்று மனசு சொல்லும். மூடி வைத்துவிடுவேன். இன்னொரு கூச்சமும் உண்டு. நடந்தது நல்லபடியாக முடிந்த காரியம். அதை நாமே எழுதினால், அல்லாஹ் செய்து கொடுத்ததை நான் செய்ததாகக் காட்டிக்கொள்கிற மாதிரி ஆகிவிடுமோ என்று பயம்.

போன மாதம் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கு டி.வி. பெட்டியும் வீடியோ டெக்கும் வந்திருக்கிறது என்று சொல்லி, பூகோளம் நடத்தும் டீச்சர் என்னைக் கூப்பிட்டிருந்தார். சின்ன வயசுப் பெண். பனிமலைப் படம் போட்டார். ரெண்டு மலைக்கு நடுவே வெள்ளைவெளேர் என்று அகலமாக ஒன்று கிடந்தது. பிறகு, அந்த மாதிரிப் பனி என்றைக்கோ உருகிப்போன பள்ளத்தாக்கு ஒன்றைக் காட்டினார்கள். இரண்டு பக்கமும் சுவர் வைத்த மாதிரி செங்குத்து, அடியில் சப்பட்டை. நான் என்னையும் அறியாமல் ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்றுவிட்டேன். முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். களிமண்ணில் நான் காட்டிய வடிவம் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

“ஐயா, படமே இல்லாம எப்படி நடத்துனீய?” என்று டீச்சர் கேட்டார்.

“சொல்ல ஆரம்பிச்சா குத்தாலம் வரைக்கும் போவணும்மா.”

“போவோம். நீங்க எழுதித் தாங்க, நம்ம ஆசிரியர் சங்க மலர்ல போட்டுருதோம்.”

அதனால் பிஸ்மில்லாஹ் சொல்லி எழுதுகிறேன்.

என் வாப்பா தென்காசியில் தறி நெய்தவர். வீட்டுக்குள்ளேயே குழித்தறி. நானும் குழிக்குள் கால் விட்டு உட்கார வேண்டியவன்தான். எட்டாம் வகுப்பில் மார்க் வந்ததால், டிரெயினிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டார்கள். அங்கே சார்ட் வரைந்தது, மாதிரிப் பாடம் நடத்தியது, விடுதிச் சோற்றில் கல் பொறுக்கியது, இவ்வளவுதான் ஞாபகம் இருக்கிறது. முடித்து வந்ததும் தென்காசியில் ஒரு உதவிபெறும் உயர்தர ஆரம்பப் பாடசாலையில் இடம் கிடைத்தது. ஐம்பதுகளின் நடுப்பகுதி அது.

இந்தக் காலத்து ஆசிரியர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்போது பள்ளிக்கூடத்து மானேஜர் வேலைக்கு வைத்துக்கொண்டால் மட்டும் போதாது. டிப்டி இன்ஸ்பெக்டர் வந்து, பாடம் நடத்துவதைப் பார்த்து, ‘அப்ரூவல்’ எழுதிக் கொடுக்க வேண்டும். அது வராவிட்டால் அரசாங்க மானியம் இல்லை. மானியம் இல்லாத வாத்தியாரை எந்த மானேஜரும் வைத்துக்கொள்ள மாட்டார். அந்த வருஷம்தான் எனக்கு நிக்காஹ் ஆகியிருந்தது. வாப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்து தறி நின்றுவிட்டது. கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள் இருந்தார்கள். ஆக, அந்த அப்ரூவல் என் ஒருத்தனுக்கு வர வேண்டியதல்ல, ஒரு வீட்டுக்கே வர வேண்டியது.

தலைமையாசிரியர் தெய்வநாயகம் பிள்ளை. மெலிந்த உடம்பு, நெற்றி நிறையத் திருநீறு, சுத்த சைவம். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஆசிரியர்களைத் திட்டவும் மாட்டார். அவரிடம் வேறொரு வழி இருந்தது. புதுப் பாடம் எதுவானாலும் முதலில் அவருக்கு நடத்திக் காட்ட வேண்டும். பிள்ளைகள் போன பிறகு, காலி வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவார்.

“ராவுத்தரே, நான் இப்ப ஹெட்மாஸ்டர் இல்ல. கடைசி பெஞ்சு மக்குப் பய. எனக்கு விளங்குத மாதிரி சொல்லும்” என்பார்.

அப்புறம் அவர் மக்குப் பையனாகவே ஆகிவிடுவார். தலையைச் சொறிவார். ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். நாம் அசந்த இடமாகப் பார்த்துக் கையைத் தூக்குவார். அந்தக் கைக்குப் பயப்பட்ட மாதிரி நான் எந்த அதிகாரியின் கையெழுத்துக்கும் பயந்ததில்லை.

எட்டாம் வகுப்புப் பூகோளத்தில் முதல் பகுதியே நில உருவங்கள். அதில் பனியாறு. புத்தகத்தில் ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம், அதுவும் மை அப்பிப்போய் ராத்திரியில் எடுத்த மாதிரி இருக்கும். நான் நடத்திக் காட்டினேன். “உயர்ந்த மலைகளில் பனி படிந்து, இறுகி, ஆறுபோல் மெதுவாக நகர்ந்து, பள்ளத்தாக்கை அகலமாகக் குடைகிறது.”

கடைசி பெஞ்சில் கை எழுந்தது.

“சார், ஐஸ் நடக்குமா சார்?”

“நடக்கும். அதன் கனத்தால் சரிவில் நகரும்.”

“எங்க அக்கா மகன் குச்சி ஐஸ் வாங்கிட்டு வந்தான். வீடு வந்து சேர முந்தியே குச்சிதான் இருந்துச்சு. அது போயி கல்லை வெட்டுமா சார்?”

புத்தகத்தில் ‘குடைகிறது’ என்று போட்டிருந்தது, நானும் சொன்னேன். ஐஸ் எப்படிப் பாறையைக் குடையும் என்று ஒரு தடவைகூட நான் யோசித்ததில்லை. பிள்ளைவாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

“நாளைக்குச் சொல்லும். அவசரம் ஒண்ணும் இல்ல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போனால் முற்றத்தில் என் வீட்டுக்காரி மைதீன் பாத்து செம்புப் பானை விளக்கிக்கொண்டிருந்தாள். தேங்காய் நாரும் மணலும் புளியும். நான் பானையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பானை முழுக்க மெல்லிய கோடுகள், ஒரே பக்கமாக. நாரை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தேன், பஞ்சு மாதிரி இருந்தது. நார் கோடு போடவில்லை. நாரில் ஒட்டிய மணல்தான் போடுகிறது. அழுத்துவது கை, பிடித்துக்கொள்வது நார், கீறுவது மணல்.

“என்ன, பானைய விலை கேக்கப் போறியளா?” என்றாள் அவள்.

பனியாறும் அப்படித்தான். ஐஸ் மெத்துதான். அடியிலே சிக்கிக்கொண்ட கல்லும் சரளையும்தான் பாறையைக் கீறுகிறது, மேலே கிடக்கிற கனம் அழுத்துகிறது. புத்தகத்தை மறுபடி திறந்தேன். ‘பாறைகளில் கீறல்கள் காணப்படும்’ என்று கடைசி வரியில் இருந்தது. அதுவரைக்கும் எனக்கு அது வெறும் வரி.

அடுத்து, அதைக் கண்ணால் காட்ட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. என் வீட்டுக்காரியின் அண்ணன் காதர் மீன் யாவாரம் செய்துவந்தான். காலையில் கொல்லத்திலிருந்து செங்கோட்டை வழியாக வருகிற ரயிலில் அவனுக்கு மீன் பெட்டி வரும். பெட்டியில் மீனுக்குச் சரிபாதி ஐஸ். தென்காசியில் எனக்குத் தெரிந்த ஒரே பனிமலை அதுதான்.

“மச்சான், ஒரு பெரிய கட்டியா வேணும்.”

“யாருக்குக் காய்ச்சல்?”

“காய்ச்சல் இல்ல. பாடம்.”

காதர், “வாத்தியார் வேலைக்குப் போன பொறவு உமக்கு என்னமோ ஆயிப்போச்சு” என்று சொல்லி, கட்டியை மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றிக் கொடுத்தான்.

கிணற்றடியில் வைத்து அலசி அலசிப் பார்த்தேன். மரத்தூள் போயிற்று, வாடை போகவில்லை. வகுப்பில் மரத்தட்டு நிறையக் குளத்துக் களிமண்ணைச் சரிவாக அப்பி வைத்திருந்தேன். முதலில் செம்பிலிருந்து தண்ணீரை ஊற்றினேன். அது ஒடுங்கலாக, ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி, ஒரு கோட்டை வெட்டிக்கொண்டு ஓடியது. அதுதான் ஆறு. பக்கத்துச் சரிவிலிருந்து சின்ன ஓடை ஒன்று வந்து சேருகிற மாதிரியும் கோடு கிழித்தேன். பிறகு, ஐஸில் ஒட்டிக்கொள்வதற்காகச் சரளையில் உப்பைத் தூவி, அதன்மேல் ஐஸ் கட்டியை வைத்து அழுத்தினேன். கல்லெல்லாம் அடியில் பதிந்துகொண்டது. அதைத் தூக்கி அந்த ஒடுங்கலின் மேல் முனையில் வைத்து, கனமாக அழுத்தி, மெதுவாகக் கீழே தள்ளினேன்.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் உள்ளே வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

“ராவுத்தரே, என்னவே இது வாடை?”

“பனியாறு சார்.”

“பனியாத்துல சாளை மீனு நீந்துமோ?”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மூக்கில் மீன் வாடையே பட்டிராத மனுஷர் அவர். வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கை மூடிக் கட்டிக்கொண்டு, நேரே கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார். “ம்ம், தள்ளும்” என்றார் துண்டுக்குள்ளிருந்து.

தள்ளினேன். ஐஸ் போன இடத்தில் ஒடுங்கல் போய், அடி சப்பட்டையாக, இரண்டு கரையும் செங்குத்தாக நின்றது. புத்தகம் அதை ‘யு’ வடிவம் என்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு நம் ‘ப’ எழுத்துதான் சுலபமாக இருந்தது. அடிக் களிமண்ணில் நேர் நேராகக் கீறல். மேல் முனையில், ஐஸ் உட்கார்ந்திருந்த இடத்தில், சாய்வு நாற்காலி மாதிரி ஒரு குழி. கீழ் முனையில் வழித்துக் கொண்டுபோன மண் குவியல். பக்கத்து ஓடை இருக்கிறதே, அதன் வாயைப் பனியாறு அறுத்துக்கொண்டு போய்விட்டதால், அது அந்தரத்தில் நின்றது. அதுதான் தொங்கு பள்ளத்தாக்கு. அதில் செம்புத் தண்ணீரை விட்டேன். விளிம்புக்கு வந்து ‘சொட்’டென்று கீழே விழுந்தது.

“எது மாதிரி இருக்கு?” என்றேன்.

“குத்தாலம் மாதிரி சார்” என்றது வகுப்பு.

“ஆமா, குத்தாலம் மாதிரி” என்றேன் நானும். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த இடத்தில் இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தோன்றவில்லை.

மற்ற ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு இன்ஸ்பெக்ஷன் எப்போது வரும் என்று தெரியாது. எங்களுக்குத் தெரியும். மலை உச்சியில் மேகம் இறங்கி, ஊருக்குள் சாரல் அடித்து, அருவியில் தண்ணீர் விழுகிறது என்று சேதி வந்தால், இன்ஸ்பெக்டரும் வருகிறார் என்று அர்த்தம். பகலில் பள்ளிக்கூடம், விடியற்காலையில் குளியல். இதில் தப்பு ஒன்றும் இல்லை, குற்றாலத்துக்குப் பக்கத்தில் வந்து குளிக்காமல் போகிறவர் யார்.

அந்த வருஷம் வந்த டிப்டி இன்ஸ்பெக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், கண்டிப்பானவர் என்று பெயர். பனியாறு பாடத்தையே நடத்தச் சொன்னார். நடத்தினேன், இந்தத் தடவை சோப்புப் போட்டுக் கழுவிய ஐஸ். அவர் தட்டுக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். முகத்தில் திருப்தி தெரிந்தது. மனசுக்குள் நான் ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் வகுப்பைப் பார்த்துக் கேட்டார்.

“தொங்கு பள்ளத்தாக்குக்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள்.”

“குத்தாலம் சார்.” மொத்த வகுப்பும் ஒரே குரலில்.

அவர் நிமிர்ந்தார். “குற்றாலமா? அப்படியானால் குற்றாலத்தில் பனியாறு ஓடியதா?”

“ஓடிச்சு சார்.”

“எப்போது?”

வகுப்பு கொஞ்சம் யோசித்தது. நடு பெஞ்சிலிருந்து ஒருத்தன் எழுந்து, “எங்க தாத்தா காலத்துல சார்” என்றான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். “நீங்கள் சொல்லிக் கொடுத்ததா?”

“குத்தாலம் மாதிரின்னு சொன்னேங்கய்யா.”

“இவர்கள் குற்றாலமே அதுதான் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்களே. பத்து வருஷம் கழித்தும் இவர்கள் இதைத்தான் சொல்வார்கள். இதற்கு நான் எப்படி அப்ரூவல் எழுதுவது?”

தலைமையாசிரியர் அப்போதுதான் வாயைத் திறந்தார். “ஐயா நாளைக்கு விடியக் குளிக்க வருவீக. பிள்ளைகளையும் கூட்டிட்டு வாரோம். அருவிய வச்சே அவரு சரிபண்ணட்டும். பொறவு உங்க இஷ்டம்.”

இன்ஸ்பெக்டர், “சரி. ஆனால் நாளைக்கும் இதே பதில் வந்தால், நான் எழுதுகிறபடிதான் எழுதுவேன்” என்றார்.

வீட்டில் சொன்னேன். வாப்பா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். மைதீன் பாத்துதான் கேட்டாள்.

“குத்தாலம் எப்படி உண்டாச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அவரு கேட்டா என்ன சொல்லுவிய?”

“அதான் யோசிக்கேன்.”

“தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லுங்க. வேலை போனா எங்க அண்ணனோட மீன் பெட்டி தூக்குவோம். பொய்யி சொல்லி வந்த வேலையில சோறு திங்க வேண்டாம்.”

மறுநாள் விடியலில் நான் சுபுஹு தொழுததும் கிளம்பினோம். பிள்ளைகள் மேலகரம் வழியாகப் பாட்டும் கூத்துமாக நடந்தார்கள். அவர்களுக்குக் குளியல். எனக்குப் பரீட்சை. அருவியின் இரைச்சல் தூரத்திலேயே கேட்டது. சீசன் கூட்டம், எண்ணெய் தேய்க்கிறவர்கள், ஈர வேட்டிகள். இன்ஸ்பெக்டர் இடுப்பில் ஒரு துண்டோடு அருவியிலிருந்து வெளியே வந்து, ஓரத்துப் பாறையில் நின்றார். தலையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அந்த நிலையிலும் அவர் இன்ஸ்பெக்டராகத்தான் இருந்தார்.

“ஆரம்பியுங்கள்” என்றார்.

பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். நான் வாயைத் திறந்தேன், வார்த்தை வரவில்லை. இரைச்சலா, பயமா தெரியவில்லை. அப்போது பிள்ளைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை எழுந்தது. தெய்வநாயகம் பிள்ளை. ஈரத் துண்டு, உடம்பெல்லாம் எண்ணெய், கண்ணாடியைக் கழற்றியிருந்தார்.

“சார், ஒரு சந்தேகம் சார்.”

பிள்ளைகள் திரும்பிப் பார்த்துத் திகைத்தார்கள். இன்ஸ்பெக்டருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

“சொல்லுப்பா” என்றேன். என் தலைமையாசிரியரை ‘ப்பா’ போட்டுக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

“பனியாறு போன இடத்துல கோடு இருக்கும்னு சொன்னீங்க. இங்கன கோடு எங்க சார்?”

என் நாக்கில் இருந்த கட்டு அவிழ்ந்துவிட்டது. “தேடுங்க” என்றேன் பிள்ளைகளிடம். “கண்ணால பார்க்காதீங்க, கையால தடவுங்க. ஐஸ் வந்திருந்தா நேர் கீறல் இருக்கணும்.”

ஓரத்துப் பாறைகளிலும் கீழே ஆற்றுப் படுகையிலும் பிள்ளைகள் பரவினார்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம், என்ன தொலைந்தது, மோதிரமா என்று கேட்டுக்கொண்டு கூடவே தேட ஆரம்பித்தார்கள். “மோதிரம் இல்ல அண்ணாச்சி, ஐஸ் ஆறு” என்றான் சுடலைமுத்து என்கிற பையன். கேட்டவர் மறுபடி எண்ணெய் தேய்க்கப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் சுடலைமுத்துவே கத்தினான். “சார், கோடு இருக்கு. நேர் கோடு.”

எல்லோரும் ஓடினோம். பாறையில் நிஜமாகவே நேராகக் கீறல்கள், பக்கம் பக்கமாக. இன்ஸ்பெக்டர் துண்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து விரலால் தடவினார். பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தார். குளிக்கிறவர்கள் பிடித்துக்கொள்வதற்காக அடித்திருந்த கம்பியிலிருந்து ஒரு சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் வேகத்தில் அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய், பாறையை உரசிக்கொண்டே இருந்தது.

பேச்சியம்மாள் என்று ஒரு பிள்ளை, வகுப்பில் வாயே திறக்காது. அது சங்கிலியையும் பாறையையும் மாறி மாறிப் பார்த்தது.

“சார், சங்கிலி கோடு போட்டுருக்கு. தண்ணி இவ்வளவு நாளா விழுது, அது ஒரு கோடும் போடல. குழிதான் போட்டுருக்கு. உருண்டையா, வழுவழுன்னு.” அது தன் கையை ஒரு குழிக்குள் முழங்கை வரை விட்டுக் காட்டியது. உள்ளே கூழாங்கற்கள் கிடந்தன. “இந்தக் கல்லைத் தண்ணி சுத்தி சுத்தி அரைச்சிருக்கு. எங்க வீட்டு உரல் மாதிரி. அப்ப இது ஐஸ் செஞ்சது இல்ல சார். தண்ணி செஞ்சது.”

நான் மேலே கையைக் காட்டினேன். அருவி விழுகிற வழியில் பாதியில் ஒரு பெரிய குழி இருக்கிறது, பொங்குமாகடல் என்பார்கள். மேலேயிருந்து விழுகிற தண்ணீர் அதில் விழுந்து, கொதித்துப் பொங்கி, பிறகுதான் நம் தலையில் விழுகிறது. “அதுவும்?” என்றேன்.

“அது பெரிய உரல் சார்” என்றார்கள்.

“மலையில ஆறு வருத வழி எப்படி இருக்கு? ‘ப’வா, ‘வி’யா?”

மேகம் விலகின இடைவெளியில் பார்த்துவிட்டு, “வி சார்” என்றார்கள்.

“அப்ப குத்தாலத்துல பனியாறு ஓடிச்சா?”

“ஓடல சார்.”

இன்ஸ்பெக்டர் என்னைத் தனியாகக் கூப்பிடவில்லை. பிள்ளைகள் முன்னாலேயே சொன்னார். “தெரிந்த ஒன்றை வைத்துத் தெரியாத ஒன்றைக் காட்டினீர்கள். அது நல்ல முறைதான். ஆனால் இரண்டும் எதுவரைக்கும் ஒன்றுபோல் இருக்கிறது, எங்கே பிரிகிறது என்பதையும் காட்டிவிட வேண்டும். அதைக் காட்டாவிட்டால் உவமையே பாடமாகிவிடும்.” பிறகு எல்லாப் பாடத்திலும் நான் பிடித்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான்.

அடுத்து அவர் கேட்டார். “சரி, பனியாறு செய்யவில்லை. குழிகளைத் தண்ணீர் செய்தது. இந்த மலை இங்கே இப்படிச் செங்குத்தாக நிற்கிறதே, அருவி விழுவதற்கு. இது எப்படி வந்தது?”

என் வீட்டு முற்றம் எனக்கு ஞாபகம் வந்தது. “தெரியாதுங்கய்யா” என்றேன். “புத்தகத்துல இல்ல. கைக்குத் தெரிஞ்சதுதான் சொன்னேன். மத்தது படைச்ச ரப்புக்குத் தெரியும்.”

அவர் அருவியை அண்ணாந்து பார்த்தார். முகத்தில் தண்ணீர்த்துளிகள்.

“எனக்கும் தெரியாது” என்றார். பிள்ளைகள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னார். “விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.”

அப்புறம் என்னிடம், “பத்து மணிக்கு ஆபீஸ் ரூமில் இருங்கள். எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன்” என்றார். தலையைத் துவட்டிக்கொண்டே நடந்துவிட்டார்.

பாறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் அருவிக்குள் ஓடிவிட்டார்கள். நன்றிக்காக இரண்டு ரக்அத் ஷுக்ரு தொழ வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. முகம் கை கால் கழுவி ஒளு செய்தேன். அவ்வளவு தண்ணீரில் என் வாழ்நாளில் நான் ஒளு செய்ததில்லை. தொழ இடம்தான் இல்லை, எங்கே பார்த்தாலும் ஈரமும் எண்ணெயும். தெய்வநாயகம் பிள்ளை தன் மூட்டையை அவிழ்த்து, குளித்துவிட்டுக் கட்டிக்கொள்ள வைத்திருந்த வெளுத்த வேட்டியை எடுத்து, மண்டபத்துக்குப் பக்கத்தில் காய்ந்திருந்த இடமாகப் பார்த்து விரித்தார்.

“எந்தப் பக்கம்வே உமக்கு?” என்றார்.

காட்டினேன். வேட்டியை அந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டுவிட்டு, நான் தொழுது முடிக்கிற வரை, ஈரத் துண்டோடு, என் மேல் யாரும் வந்து விழாதபடி குறுக்கே நின்றுகொண்டார். ஸஜ்தாவில் தலையை வைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. வாப்பாவின் கண் ஆபரேஷன், தங்கைகள், வீட்டு அடுப்பு எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் கண்முன் வந்து போயிற்று. நான் எழுந்தபோது அவர், “முடிஞ்சுதா? வேட்டியக் குடும், குளிருது” என்றார்.

அன்று காலையிலேயே இன்ஸ்பெக்டர் அப்ரூவல் எழுதிக் கொடுத்தார். அந்த வேலையில் இருந்துதான் நான் ரிட்டயரானேன்.

அறுபதுகளில் ஒருநாள் தென்காசி பஸ் ஸ்டாண்டில் ராணுவ உடுப்பில் ஒரு ஆள் என் கையைப் பிடித்தான். சுடலைமுத்து. வடக்கே எல்லையில் இருந்து லீவில் வந்திருந்தான்.

“சார், பனியாத்தப் பாத்துட்டேன் சார். நீங்க சொன்ன மாதிரியேதான். கீழ ‘ப’ போட்ட மாதிரி பள்ளத்தாக்கு. ஆனா ஒண்ணு நீங்க சொல்லல.”

“என்னலே அது?”

“அது சத்தம் போடுது சார். வெயில் ஏறுச்சுன்னா உள்ளுக்குள்ள மரம் முறியுத மாதிரி. முதல் நாளு எனக்கு உறக்கமே வரல.”

“வேற என்ன பாத்த?”

“பக்கத்து மலையில, பாதி உசரத்துல, ஒரு அருவி தொங்கிட்டுக் கெடந்துச்சு. தொங்கு பள்ளத்தாக்கு. பக்கத்துல நின்ன பஞ்சாபிக்காரன்கிட்ட சொன்னேன், எங்க ஊருலயும் அருவி உண்டு, ஆனா அது தண்ணி செஞ்சது, இது ஐஸ் செஞ்சதுன்னு. அவன் நம்பல. கீழ இறங்கிப் பாறைய அவன் கைய வச்சுத் தடவிக் காட்டுனேன். கோடு இருந்துச்சு சார்.”

அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

மலரைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கதை எங்கள் ஊரில் வேறு மாதிரி உலவுகிறது. ‘எட்டாங்கிளாஸ் பிள்ளைகள் இன்ஸ்பெக்டரையே அருவியில் வைத்து மடக்கிவிட்டன, அவர் தெரியாது என்று முழித்தார்’ என்று டீக்கடையில் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். அப்படி நடக்கவில்லை. அந்த மனுஷர் வேண்டுமென்றால் ஏதாவது ஒன்றைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம். நாங்கள் நம்பியிருப்போம். என் வேலை அவர் கையில் இருந்த நேரத்தில், என் பிள்ளைகள் முன்னால், நான் சொன்ன ‘தெரியாது’ என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் தன் ‘தெரியாது’வையும் அவர் வைத்தார். என் பயம் போனது அப்ரூவல் எழுதியபோது இல்லை, அங்கேதான்.

ஆகவே, இதை யாருக்காவது சொல்ல நேர்ந்தால், நான் எழுதியபடியே சொல்லுங்கள். மீன் வாடைக்குச் சிரிக்கலாம், தாத்தா காலத்துக்கும் சிரிக்கலாம். அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு “எனக்கும் தெரியாது” என்று சொன்ன இடத்தில் அன்றைக்கு ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. அந்த இடத்தில் நீங்களும் சிரிப்பைச் சேர்த்துவிடாதீர்கள்.